நீந்தத் தெரியாதவளுக்குக் கிடைத்த ஆறு

பேராசிரியர் சுவரில் தொங்கிய வரைபடத்தில் சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் விரலை வைத்து, "இது உனக்கு" என்றார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில் நான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தேன். ஆற்று இறால்கள் முட்டை பொரிக்கும் காலத்தில் நன்னீரை விட்டு இறங்கி, உப்புநீர் கலக்கும் இடத்துக்கு வருகின்றன. அவற்றின் குஞ்சுகள் எந்த ஆழத்தில், எந்த நீரோட்டத்தில் மிதக்கின்றன என்று கண்டறிவதுதான் எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை. மாதந்தோறும் படகில் போய் நுண்ணிய வலை ஒன்றை நீரில் இழுத்து வரவேண்டும். பேராசிரியரின் ஆய்வு நிதியிலிருந்து எனக்கு உதவித்தொகை வரும்.

"உன்னுடைய ஊர்ப்பக்கம்தானே? ஆறு உனக்குப் பழக்கமாக இருக்குமே" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் தலையாட்டினேன். எனக்கு நீந்தத் தெரியாது.

என் பெற்றோர் வேலை பார்த்த ரப்பர் தோட்டம் கோலா சிலாங்கூருக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கும் நடுவில் இருந்தது. ஆறு தூரத்தில் ஓடியது. நாங்கள் பேருந்துச் சன்னல் வழியாகப் பாலத்தைக் கடக்கும்போது பார்த்ததோடு சரி. எங்களுக்கு அருகில் இருந்தவை ஈயம் தோண்டியவர்கள் விட்டுப்போன குட்டைகள். நான் ஆரம்பப் பள்ளியில் படித்தபோது என் வகுப்புப் பெண் ஒருத்தி அவற்றில் ஒன்றில் விழுந்துவிட்டாள். அவளைக் கரையில் கிடத்தியிருந்தபோது அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினாள். "நல்லாப் பாத்துக்க. தண்ணிப் பக்கம் போனா இதான்" என்றாள். என்னைக் காப்பாற்றவே அப்படிச் செய்தாள். அன்றிலிருந்து முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்கினாலும் உடனே கரையேறிவிடுவேன்.

அதைப் பேராசிரியரிடம் சொல்லியிருக்கலாமே என்று பிற்காலத்தில் பலர் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் யாரும் தோட்டத்து ஆபீசின் படிக்கட்டில் நின்றவர்கள் அல்லர். என் அப்பா ரப்பர் பால் ஏற்றும் லோரி ஓட்டினார். ஒருமுறை நானும் கூட இருந்தபோது, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று மானேஜரிடம் சொன்னார். மறுநாள் அதே லோரியை, அதே பிரேக்கோடு, வேறொருவர் ஓட்டிக்கொண்டு போனார். அப்பாவை வெளிக்காட்டில் புல் வெட்டும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். கஷ்டம் என்று வாய்திறந்தால் வேலை அடுத்தவன் கைக்குப் போய்விடும். இது எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே புரிந்தது. உதவித்தொகை நின்றுவிட்டால் மறுமாதமே நான் ரவாங்கில் ஏதாவது தொழிற்சாலை வாசலில்தான் நிற்கவேண்டியிருக்கும்.

ஆய்வுக்கூடத்தில் என்னோடு இன்னொரு தமிழ்ப் பெண் இருந்தாள். அவள் அப்பா பெட்டாலிங் ஜெயாவில் டாக்டர். ஐந்து வயதிலேயே கிளப்பில் நீச்சல் கற்றுக்கொண்டவள். சொந்தக் கார் வைத்திருந்தாள். என்னைவிடக் கெட்டிக்காரி என்று சொல்லமாட்டேன். ஆனால் பேராசிரியரின் அறைக் கதவை ஒரு விரலால் தட்டிவிட்டு உள்ளே போய், "புரொபசர், இந்த முறை சரியா வராது, மாத்தலாமா?" என்று கேட்பாள். அவரும் மாற்றிவிடுவார். பதினொரு மணிக்கு எல்லாரும் தேநீர் அறையில் கூடுவார்கள். எந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டும், எந்த மாநாட்டுக்கு யார் போகிறார்கள், யாருடைய நிதி நீட்டிக்கப்படும் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும் என்பது எனக்கு மூன்றாம் ஆண்டில்தான் தெரியவந்தது. அதுவரை அவர்களுடைய ஆங்கிலத்துக்குப் பயந்து, அந்த நேரத்தில் நான் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

படகில் போகும் நாட்களில், கோலா சிலாங்கூர் பேருந்தில் ஏறும்போது, சக்கரம் பழுதாகட்டும் என்று சாமியை வேண்டியிருக்கிறேன். படகுக்காரர் வயதான சீனர், பேச்சுக் குறைவு. படகு கரையை விட்டதும் நான் நடுப்பலகையில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்துக்கொள்வேன். வலையை இறக்க மட்டுமே எழுவேன். காப்பிநிறத் தண்ணீர். ஒரு சாண் ஆழம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. இரு கரையிலும் சதுப்புமரங்கள். எதைப் பார்த்தாலும் முதலையாகத் தெரியும். துறையின் சாமான் அறையில் ஆரஞ்சு நிறத்தில் மிதவைச் சட்டை ஒன்று தொங்கியது. கேட்டால் கொடுத்திருப்பார்கள். ஆனால் கேட்டால் ஏன் என்றும் கேட்பார்களே.

இப்படியே இரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன்.

பிறகு ஒரு பிற்பகல், முகத்துவாரத்துக்கு அருகில் கடற்பக்கமிருந்து திடீரென்று கருத்துக்கொண்டு காற்று வந்தது. படகுக்காரர் திரும்பிவிடலாம் என்று சைகை காட்டினார். வலை இன்னும் நீரில் இருந்தது. நான் எழுந்து கயிற்றை இழுத்தேன். வலை, மீனவர்கள் நட்டிருந்த மரக்கம்பம் ஒன்றில் சிக்கிக்கொண்டது. படகு ஒரு பக்கம் சாய, கயிற்றோடு நானும் போய்விட்டேன்.

தண்ணீருக்குள் இருந்த அந்தச் சிறிது நேரத்தைப் பற்றி எனக்கு நினைவிருப்பது இருட்டு, மூக்கில் ஏறிய உப்பு, கால் எதிலும் படாமல் கீழே கீழே போனது. கயிறு மட்டும் கையில் இருந்தது. மேலே வந்தபோது படகுக்காரர், "பெகாங்! பெகாங்!" என்று கத்துவது கேட்டது. பிடி, பிடி என்கிறார். அவர் எறிந்த கயிற்றைப் பிடிக்க வேண்டுமானால் வலைக்கயிற்றை விடவேண்டும். விடாமல் இருந்தேன். அது துறையின் வலை. அதன் வாயில் நீரோட்டத்தை அளக்கும் கருவி வேறு கட்டியிருந்தது. சாகிற நேரத்திலும் எனக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. அவர் துடுப்பால் என் கையில் ஓங்கி ஓர் அடி கொடுத்த பிறகே விட்டேன். சட்டைக்காலரைப் பிடித்து மீனைப்போல என்னை உள்ளே இழுத்துப் போட்டார்.

நகரத்துக்குத் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை. ஈரத்துணியோடு தோட்டத்துக்குப் போனேன். லயம் என்கிற எங்கள் வரிசை வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள்.

"மழையில நனஞ்சிட்டேன்மா."

அம்மா என் தலைமுடியைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் சேறு வந்தது. "மழையில சேறா கொட்டுது?"

சொல்லிவிட்டேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "போதும்மா படிச்சது. நாளையிலருந்து போவாத. நான் ஒருத்தி பால்மரம் வெட்டிக் கஞ்சி ஊத்தமாட்டேனா?"

அப்பாதான் உள்ளிருந்து, "அந்தப் புரொபசர் துவான்கிட்ட தெரியாதுன்னு சொன்னியா?" என்று கேட்டார்.

"இல்லப்பா."

அவர் மெல்லத் தலையாட்டினார். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

மறுநாள் அம்மா என்னைத் தனியாக விடவில்லை. வேலைக்குப் போகாமல், கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு என்னுடன் பேருந்து ஏறினாள். துறைக் கட்டடத்தின் கீழே மரப்பெஞ்சில் அவளை உட்காரவைத்துவிட்டு மாடியேறினேன். கதவைத் தட்டக் கை வரவில்லை. உள்ளே போனதும் அப்பாவைப்போலக் கைகட்டி நிற்கிறேன் என்பது தெரிந்தும், கையைப் பிரிக்க முடியவில்லை.

"வலை போய்விட்டது. கருவியும் போய்விட்டது. நான் ஆற்றில் விழுந்தேன்" என்றேன். பிறகு, "எனக்கு நீந்தத் தெரியாது" என்றேன்.

பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். "எப்போதிலிருந்து?" என்றார். அபத்தமான கேள்வி என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும், முகம் சிவந்தது. "முதல் நாளே ஏன் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால் இந்த ஆய்வை எனக்குக் கொடுத்திருப்பீர்களா?"

எப்படிக் கேட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் திரும்பி வரைபடத்தைப் பார்த்தார்.

"இல்லை" என்றார். "வேறு யாருக்காவது கொடுத்திருப்பேன்."

சொன்னால் வேலை போய்விடும் என்ற என் பயம் மூடத்தனம் இல்லை என்று அந்த ஒரு சொல் சொன்னது. ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் போகச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

அவர் எழுந்து சாமான் அறைக்குப் போய் மிதவைச் சட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வலைக்கும் கருவிக்கும் தானே பதில் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். இனி என்னோடு நீச்சல் தெரிந்த ஒருவர் படகில் வரவேண்டும் என்றார். "தேநீர் அறைக்கு ஏன் வருவதில்லை? அங்கே வந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள்" என்று முணுமுணுத்தார். அது மன்னிப்பா குற்றச்சாட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று முதல் டாக்டர் மகள்தான் என்னுடன் படகில் வந்தாள். "ஐயோ, நீ என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா!" என்றாள், உண்மையாகவே வருத்தப்பட்டு. சொல்வது என்பது அவளுக்கு அவ்வளவு சுலபம். சட்டையை மாட்டிக்கொண்டும் எனக்குப் பயம் போகவில்லை, முன்பைவிடக் கூடிவிட்டது. தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். இருந்தும் போனேன். தேநீர் அறைக்கும் போனேன். முதல் சில வாரங்கள் கோப்பையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். ஆற்றைவிட அது கொஞ்சம்தான் பரவாயில்லை.

புது வலை வருவதற்குள் ஒரு பருவத்து மாதிரிகள் போயின. அதை மறுபடி சேர்ப்பதற்குள் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. டாக்டர் மகள் தன் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு இங்கிலாந்துக்குப் போனாள். நான் தஞ்சோங் காராங்கில் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக வேலை பார்த்துக்கொண்டு, வாடகை அறையில் மிச்சத்தை எழுதி முடித்தேன். பேராசிரியர் ஒவ்வோர் அத்தியாயத்தையும் சிவப்பு மையால் நிரப்பித் தபாலில் அனுப்பினார். ஒன்றையும் கிடப்பில் போடவில்லை.

வாய்மொழித் தேர்வன்று என் குரல் எனக்கே கேட்கவில்லை. தேர்வாளர் ஒருவர் இரண்டு முறை சத்தமாகப் பேசச் சொன்னார். வெளியே காத்திருந்தபோது, அவர்கள் உள்ளே சிரிப்பது கேட்டது. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டேன். ஒரு தேர்வாளர் கதவைத் திறந்து கையை நீட்டியபோது, எதற்காக என்று புரியாமல் பேராசிரியரின் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

தோட்டத்து ஆபீசுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். பால் நிறுக்கும் நேரம். ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி ஆளனுப்பினார். அம்மா ஓடிவரும் சத்தம், வாளி உருளும் சத்தம், பிறகு மூச்சிரைப்பு. அந்த ஆபீசுத் தொலைபேசியில் எங்கள் லயத்துக்கு அதுவரை சாவுச் செய்திதான் வந்திருக்கிறது.

"யாரும்மா? யாருக்கு என்னாச்சு?" அலறினாள்.

"யாருக்கும் ஒண்ணுமில்லம்மா. நான்தான். பாஸாயிட்டேன். டாக்டர் பட்டம் கெடச்சிருச்சு."

மறுமுனையில் நீண்ட மூச்சு. கிராணியிடம் ஏதோ சொல்லி அழுதாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "அப்ப வேலையும் குடுத்துட்டாங்களாம்மா?"

"இன்னும் இல்லம்மா" என்றேன்.

"சரிம்மா, பாலு நிறுக்கணும்" என்றாள். அவளுக்குப் பின்னால் யாரோ பால் வாளியைத் தராசில் வைத்தார்கள். கைப்பிடி தட்டுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.