சித்தப்பா காசு கொடுத்து வாங்கிய களிம்பு

பிள்ளைகளே, சித்தப்பாவின் புதுவீட்டுக் குடிபூரலில் நீங்கள் இருவரும் அம்மாவைப் பார்த்துச் சிரித்தீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவன் அல்ல. ஆனால் அன்று நடந்தது எனக்கு நன்றாக விளங்கியது.

என் தம்பி குரோருட்டில் புதுவீடு வாங்கினான். நல்லது. சோபா வாங்கினான். அதுவும் நல்லது. பிறகு தன் மேலாளர் வீட்டில் ஏதோ நவீன சிற்பத்தைக் கண்டுவிட்டான். அவனுக்கும் ஒன்று வேண்டுமாம். பழைய கலைப்பொருள் விற்கும் கடையொன்றில், சொல்லக் கூசும் விலைக்கு வாங்கி வந்தான். வெண்கலத்தில், லொறி ஏறி நசிந்த குத்துவிளக்கு மாதிரி ஒன்று. மேலெல்லாம் பச்சைக் களிம்பு.

"அண்ணை, இதிலை மனிசன்ரை தனிமை தெரியுது."

"ஆர் சொன்னது?"

"கடைக்காரன்."

விற்கிறவன் வேறு என்ன சொல்வான்? நானும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். தூசிதான் தெரிந்தது.

குடிபூரலுக்கு முதல்நாள் அம்மா உதவிக்குப் போனார். அறை கூட்டுவதற்காக யாரோ அதைத் தூக்கி, மினுக்க வைத்திருந்த விளக்கு, செம்புகளோடு வைத்துவிட்டார்கள். அம்மா புளியும் உப்பும் போட்டு எல்லாவற்றையும் மினுக்கினார். அதையும்தான்.

மறுநாள் வந்தவர்கள் முன்னால் தம்பி கத்தினான்.

"அண்ணி! என்ன செய்துபோட்டியள்? அந்தப் பச்சைக்குத்தானே காசு!"

"ஊத்தையாக் கிடந்தது தம்பி, அதுதான்..."

"ஊத்தையோ? அது அறுபது வருசத்து நிறம்! உங்களுக்கு உதெல்லாம் எங்கை விளங்கப்போகுது!"

சபை சிரித்தது. "அம்மா, அது குன்ஸ்ட்!" என்று நீங்களும் சிரித்தீர்கள். கலை என்பதை நோர்வேஜிய மொழியில் சொன்னால் அம்மா சின்னவராகிவிடுவார் போலும். அத்தனை பேருக்கும் சமைத்தவர், சாப்பிடாமலே சமையலறைக்குள் போய்விட்டார்.

நான் சொன்னேன்: "தம்பி, உன்ரை காரிலை குருவி எச்சம் போட்டாலே நீ ஊரைக் கூட்டுவாய். ஊத்தையைக் காசு குடுத்து வாங்குவாயெண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

விருந்துக்கு அழைத்திருந்த மேலாளர் வருமுன், தம்பி சிற்பத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினான். எது முன், எது பின் என்று அவனுக்கே தெரியாது. ஆனாலும் திருப்பினான்.

அம்மாவுக்கு விளங்காமல் போனது ஒன்றுமில்லை. தன் வீட்டு வெண்கலத்தைப் போலவே அவன் வீட்டு வெண்கலத்தையும் பார்த்தார். அந்த அக்கறையைத்தான் நீங்கள் அறியாமை என்று நினைத்துச் சிரித்தீர்கள்.

அம்மா சமைக்கக் கொண்டுபோன பெரிய பானை தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டது. "கிடக்கட்டும்" என்றார். அடுத்த கிழமை அதை எடுக்க நானே போனேன்.

"இருங்கோ அண்ணை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

"முதல்லை நீ வந்து அண்ணியோடை கதை. பிறகு நான் வந்து குடிக்கிறன்."

பானையோடு ரயிலேறி வெஸ்ட்லியில் நம் வீட்டுக்கு வந்தேன். அம்மா வேலையில், நீங்கள் பள்ளிக்கூடத்தில். அடியில் இறைச்சிக்கறி காய்ந்து ஒட்டியிருந்தது. சுடுநீர் ஊற்றி ஊறவிட்டு, கழுவித் துடைத்து, அம்மா வைக்கும் இடத்தில் கவிழ்த்து வைத்தேன்.