மங்கிப்போன ஜெல் நகங்கள்

ஹட்டனில் நான் சின்னதாக ஓர் அழகு நிலையம் நடத்திய காலம் அது. ஜெல் நகம் வைப்பது அப்போதுதான் எங்கள் ஊருக்கு வந்திருந்தது. டயகம தேயிலைத் தோட்டத்துக் கல்யாணப் பெண் ஒருத்திக்கு வைத்து அனுப்பினேன். மூன்றாம் நாளே திரும்பி வந்தாள். ஜெல் வெள்ளையாக மங்கி, ஓரங்களில் கிளம்பியிருந்தது.

"கொழுந்து பறிக்கப் போனியா?" என்றேன்.

"இல்லங்கக்கா. லீவு போட்டுட்டு வீட்லதான் இருக்கேன்."

நான் நம்பவில்லை. அவள் விரல்களைத் திருப்பித் திருப்பிக் கொழுந்துக் கறை தேடினேன். ஒன்றும் இல்லை. தேய்த்துக் கழுவியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். முந்தின வாரம் ஒரு டீச்சருக்கும் இப்படித்தான் ஆனது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேனே தவிர, எதையும் விசாரிக்கவில்லை. இத்தனைக்கும் நானும் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள்தான்.

வேண்டாவெறுப்பாகப் பழைய ஜெல்லை அராவி எடுத்தேன். நகங்களைத் துடைத்துவிட்டுப் புது ஜெல்லைத் தொட்டபோது அவள் மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, அந்தக் கண்ணாடியப் பாருங்க. பூரா மங்கிப்போச்சு."

மேசையோரம் கேத்தலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. குளிரில் வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்க நான் வைத்தது. அதன் ஆவி கண்ணாடியில் மட்டுமா படிந்திருக்கும்? ஒவ்வொரு முறையும் நான் துடைத்த நகத்திலும்தான். ஈரத்தின் மேல் ஜெல் எப்படிப் பிடிக்கும்?

கேத்தலை நிறுத்தி, நகங்களை நன்றாகக் காயவைத்து மறுபடி வைத்தேன். கல்யாணம் முடிந்து புருஷனோடு வந்து காட்டினாள். ஒன்றுகூடக் கிளம்பவில்லை.

அவள் போன பிறகுதான் உறைத்தது. கேத்தல் பக்கத்திலேயே கொதித்தும், முன்பு வந்த இரண்டு நாளும் அவளிடம் மட்டும் தேத்தண்ணி குடிக்கிறாயா என்று நான் கேட்கவில்லை.