நாற்பத்தோராம் பெட்டிக்கு வந்த ஆண்குருவி

ஆய்வு நிலையத்தில் ஏணிக்காரரைத் தெரியாதவர் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். மரப்பட்டறையில் கூலிக்கு நின்றவரை, குருவிகள் கூடு கட்டப் பலகைப் பெட்டி செய்து தரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் பெட்டியைச் செய்ததோடு நிற்கவில்லை. ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டில் கொண்டுபோய் மாட்டினார். எதில் எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு பறந்தது என்று நோட்டுப் போட்டு எழுதவும் தானே கற்றுக்கொண்டார். ஒருவரும் சொல்லித் தரவில்லை. நூற்றிருபது பெட்டி, இருபத்தாறு வருடம், வருடத்துக்கு ஒரு நோட்டு. பட்டம் வாங்கிய எத்தனையோ பேர் அந்த நோட்டுகளைப் பார்த்துத்தான் புத்தகம் போட்டார்கள். நன்றி என்று ஒரு வரி எழுத மட்டும் அவர்களுக்குக் காகிதம் போதவில்லை.

புதிதாக வந்த தலைவருக்கும் அவருக்கும் முதல் நாளே ஆகவில்லை. "இன்னுமா ஏணி தூக்கிட்டுத் திரியுறீங்க?" என்று தலைவர் கேட்க, "ஏணி இல்லாம ஏற உங்களுக்குத் தெரியுமா?" என்று இவர் கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டால் பால் திரிந்துவிடும்.

சண்டை வெடித்தது அந்தப் பெட்டிகளில் கூடு கட்டும் கருவெள்ளைக் குருவியால். ஒவ்வொரு ஆண்குருவிக்கும் காலில் நிற வளையம் போட்டிருப்பார்கள். ஒரு காலில் எண் பொறித்த உலோக வளையமும் இருக்கும். பத்தொன்பதாம் பெட்டியில் குடியிருந்தவனுக்கு இடக்கால் சிவப்பு, வலக்கால் நீலம். நாற்பத்தோராம் பெட்டிக்காரனுக்கு அதுவே மாற்றி, இடக்கால் நீலம், வலக்கால் சிவப்பு. ஆனால் ஏணிக்காரர் நாற்பத்தொன்றில் இடது சிவப்பு, வலது நீலம் என்று எழுதியிருந்தார்.

தலைவர் நோட்டை மேசையில் போட்டார்.

"என்ன பெரியவரே இது?"

"பார்த்தத எழுதியிருக்கேன்."

"குருவி உங்களப் பார்த்து உட்கார்ந்திருக்கும். அதோட இடது உங்களுக்கு வலது பக்கம் தெரியும். இதுகூடப் புரியாம இத்தன வருஷமா எழுதியிருக்கீங்களா?"

"அது பத்தொன்பதுல இருக்கிறவன். நாப்பத்தொண்ணுல இருந்தவன் மழை வாரத்திலயே காணாமப் போயிட்டான். இவன் பொண்டாட்டிய அங்க அடைகாக்க விட்டுட்டு, இங்க வந்து ஒண்டிக்கட்ட மாதிரி பாட்டுப் பாடி இன்னொருத்தியச் சேர்த்துக்கிட்டான்."

"கத நல்லாருக்கு," என்றார் தலைவர். பிறகு அலமாரியிலிருந்து முதல் வருட நோட்டை உருவி ஒரு பக்கத்தை விரித்தார். அதில் இடது வலது எல்லாம் அடித்துத் திருத்தியிருந்தது. "உங்க கையெழுத்துதான? அன்னிக்கும் இதே தப்பு. இனிமே இந்த நோட்டுல எத நம்புறது?"

அந்த முதல் வருடத் தப்பை வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஏணிக்காரரே கண்டுபிடித்து, அவரே அடித்து எழுதினார். அன்றிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம். குருவி எந்தத் திசை பார்த்து உட்கார்ந்திருக்கிறதோ, அவரும் அந்தத் திசைக்குத் திரும்பி நிற்பார். சிவப்பு எந்தக் காலிலோ, தன்னுடைய அதே காலைத் தரையில் தட்டுவார். அதற்கப்புறம்தான் பேனாவைத் திறப்பார். நேர்மையாய்த் திருத்திய பக்கத்தையே எடுத்து அவர் முகத்தில் அடித்தார் தலைவர். சாயங்காலத்துக்குள் இருபத்தாறு நோட்டும் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டன, பழைய சாமான் அறையில் போட.

நிலையத்து ஜீப் ஓட்டும் ஏணிக்காரரின் மைத்துனன் காதைக் கடித்தான். "விட்டுத் தொலைங்க மாமா. அவரு கோவம் எம்மேல திரும்பும்."

"உனக்கு ஜீப்பு சாவியக் குடுத்ததே அந்த நோட்டுதான்டா. நீ அவன் பக்கமே நில்லு. நிழலு நல்லாருக்கும்."

வீட்டில் மனைவி தட்டைத் தள்ளி வைத்தாள். "ஒரு குருவிக்கு ரெண்டு குடும்பம்னு நிரூபிக்க இவரு சோறு தண்ணி இல்லாம அலையுறாரு. இந்த ஒரு குடும்பத்தத் திரும்பிப் பார்க்க நேரமில்ல."

"குருவிக்கு ஒண்ணும் ஆகப்போறதில்லடி. போறது என் நோட்டு."

அவள் தட்டை மறுபடி முன்னால் நகர்த்தினாள்.

மறுநாள் ஏணிக்காரர் தலைவரின் அறைக்குள் கேட்காமலே நுழைந்தார். "பெட்டியில கண்ணி வைப்போம். உலோக வளையத்து நம்பர நீங்களே படிங்க. நான் சொன்னது பொய்யின்னா ஏணிய நானே முறிச்சுப் போட்டுட்டுப் போறேன். நிஜம்னா நோட்டெல்லாத்தையும் நீங்களே, உங்க கையால, திரும்ப அடுக்கணும்."

"பார்க்கலாம்," என்றார் தலைவர். சிரிப்பு அவருக்கு உதட்டோடு நின்றது.

உள்ளே போனதும் வாசல் மூடிக்கொள்ளும் சின்னத் தகடுதான் கண்ணி. நாற்பத்தோராம் பெட்டியில் அதை வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். முதலில் பெண்குருவி மாட்டியது, விட்டார்கள். திரும்பவும் அதுவே மாட்டியது, திரும்பவும் விட்டார்கள். உள்ளே ஆறு குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. ஒரு மணி நேரம் போயிற்று. ஆணைக் காணோம்.

"உங்க மாப்பிள்ளை வரமாட்டாரு போலிருக்கே," என்றார் தலைவர்.

"மூத்தவ வீட்டுல பந்தி நடக்குது. அத முடிச்சிட்டு மிச்சத்தத்தான் இங்க கொண்டாருவான். ஏமாந்தவளுக்கு அவ்வளவுதான்."

மேலும் முக்கால் மணி நேரம் கழித்து, வாயில் ஒரே ஒரு புழுவோடு வந்தான் அவன். தகடு விழுந்தது. ஏணிக்காரர் ஏறி, விரல்களுக்கு நடுவே குருவியைப் பிடித்து இறங்கி, தலைவரிடம் நீட்டினார்.

தலைவர் எண்ணைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். பதிவேட்டைப் புரட்டினார். பத்தொன்பதாம் பெட்டி. வளையம் போட்டது தலைவரே, கையெழுத்தும் அவருடையதே.

"சரிதான்," என்றார்.

"எது சரி? வாயத் தொறந்து சொல்லுங்க. மைத்துனன் கேக்கணும்."

"நீங்க எழுதுனது சரி."

ஜீப்புக்குப் பக்கத்தில் நின்ற மைத்துனன் டயரைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தான்.

பத்தொன்பதாம் பெட்டியில் ஐந்து குஞ்சும் பறந்தன. நாற்பத்தொன்றில் ஆறில் இரண்டுதான் தேறின. செத்துக் கிடந்த மற்ற நாலையும் ஏணிக்காரர் பெட்டியிலிருந்து எடுத்து, எடை போட்டு, அதையும் எழுதினார். அவனை அன்று பிடித்தபோது கழுத்தைத் திருகியிருக்கலாம் என்று மனைவியிடம் சொன்னார். சொன்னாரே தவிர, வேலையில் அப்படிச் செய்கிறவர் இல்லை.

நோட்டுகளைத் தலைவர் அடுக்கினார். ஏணிக்காரர் உதவவில்லை, கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று இருபத்தாறையும் எண்ணினார். மன்னிப்பு என்ற சொல் அந்த அறையில் கேட்கவேயில்லை. பதினேழாவது நோட்டைத் தலைவர் தலைகீழாய்ச் செருகிவிட்டார். ஏணிக்காரர் பார்த்தார், திருத்தவில்லை. வைத்தவர் வந்து திருப்பட்டும் என்று விட்டுவிட்டார். அது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.