பங்கு டீ

டாக்டர் எங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வந்தார் என்று சொன்னபோது பள்ளிக்கூடத்தில் ஒருத்தியும் நம்பவில்லை. அறுபதுகளின் தாராவியில் நாம்தான் டாக்டரைத் தேடிப் போவோம். அவர் நம் சந்துக்குள் வருகிறார் என்றால் யாராவது சாகக் கிடக்க வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் சாகக் கிடக்கவில்லை. அவர் டீ குடிக்கத்தான் வந்தார். நாலு பேர் நடுவில் வாய் திறக்கக் கூசுகிற எனக்கு, இதைச் சொல்லும்போது மட்டும் இன்றைக்கும் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும்.

வாப்பா தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்தார். ஆட்டுத்தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டு முடி கழிக்கிற வேலை. கை வெந்து ஆறும், ஆறியது மறுபடி வேகும். ஆனால் எரிகிறது என்று அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சொன்னால், "பொம்பளக் கைடே ஒனக்கு" என்று ஷாப்பே சிரிக்கும். ஊரை விட்டு வந்த நாளிலிருந்து வாப்பா ஒருமுறைகூட அந்தச் சிரிப்புக்கு ஆளானதில்லை.

ஒரு வருஷம் அவர் முன்கையில் வெளுத்த திட்டுகள் தோன்றின. உம்மாவின் நச்சரிப்புத் தாங்காமல் மெயின் ரோட்டு டிஸ்பென்சரிக்குப் போனார். அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். பெஞ்சு நிறைய எங்கள் சந்துக்காரர்கள். ஷாப்பு மேஸ்திரியும் இருமலுக்கு மருந்து வாங்க உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் திட்டின் மேல் ஊசியால் குத்தினார். வலிக்கிறதா என்று இந்தியில் கேட்டார். வாப்பா ஓரக்கண்ணால் மேஸ்திரியைப் பார்த்தார்.

"குச் நை லக்தா, டாக்டர் சாப்! அவுர் மாரோ!" ஒன்றும் தெரியவில்லை, இன்னும் குத்துங்கள் என்றார்.

டாக்டர் இன்னும் அழுத்திக் குத்தினார். வாப்பா சிரித்துக்கொண்டே நின்றார். என் வாப்பாவைப் போல யாருண்டு என்று நானும் சிரித்தேன். டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, அத்தனை பேர் காதிலும் விழும்படி, திட்டில் உணர்ச்சியே இல்லை, இது பெருநோய், குஷ்டம் என்று சொன்னார்.

மறுநாள் மேஸ்திரி, வேலைக்கு வர வேண்டாம் என்று ஆள் சொல்லி அனுப்பினார். குழாயடியில் உம்மா குடத்தை வைத்தால் மற்றப் பெண்கள் தங்கள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். டீக்கடையில்தான் வாப்பா நொறுங்கிப்போனார். பம்பாயில் ஒரு டீயை இருவர் பங்கு போடுவது வழக்கம். ஒருவர் கப்பில் குடிப்பார், மற்றவர் சாஸரில் குடிப்பார். வாப்பாவோடு பங்கு போட ஆளில்லாமல் போயிற்று. அவருக்கென்று வெளியே ஓர் உடைசல் கிளாஸ் வைத்தார்கள். அதன்பின் அவர் கடைப்பக்கமே போகவில்லை.

உம்மா மட்டும் நம்பவில்லை.

"தூங்கும்போது புள்ள முடி கையில பட்டாலே கூசுதுன்னு எந்திரிக்கிற மனுசனுக்கு உணர்ச்சி இல்லியாமா?"

பஸ் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அங்கே வாசலிலேயே, "இங்க ஷாப்பு ஆளு ஒருத்தரும் கெடையாது. உள்ளதச் சொல்லுங்க" என்றாள். வாப்பாவின் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொட்டுப் பார்த்தார்கள். தொட்ட இடத்தையெல்லாம் சரியாகச் சொன்னார். தோலைச் சுரண்டி எடுத்தும் சோதித்தார்கள். சுண்ணாம்புச் சூடுதான், நோய் இல்லை என்றார்கள்.

ஆனால் அந்தச் சேதி எங்கள் வாசலைத் தாண்டவில்லை. ஆஸ்பத்திரியில் சொன்னதை நாங்கள் சொன்னால் யார் நம்புவார்கள்?

உம்மாவின் தம்பியான மாமா, பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அவர் கொதித்து வந்தார். "மச்சான், இவன விடக்கூடாது. நஷ்டஈடு கேட்டுக் கோர்ட்டுல இழுத்து நிறுத்துதேன் பாருங்க" என்றவர், உடனே தலையிலடித்துக்கொண்டார். "ஆனா, நீங்க எதுக்கு இன்னும் குத்துன்னு சொன்னிய?"

வக்கீல் நோட்டீஸ் போயிற்று. டிஸ்பென்சரியிலிருந்து கம்பவுண்டர் வந்தார். தவறுதான், எவ்வளவு வேண்டும் என்று டாக்டர் கேட்டுவரச் சொன்னாராம். மாமா தொண்டையைச் செருமினார். அதற்குள் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது.

"காசக் காட்டுனா கொழாயடியில எடம் விடுவாளுவளா? எல்லாரும் கேக்கத்தான சொன்னாரு? எல்லாரும் பாக்க வரட்டும். வெள்ளிக்கெழமை ஜும்மா முடிஞ்சதும் இங்க வந்து இவுகளோட ஒரு டீயப் பங்கு போட்டுக் குடிக்கட்டும்."

"லாத்தா, கேஸையே டீயில கரைச்சிட்டியே!" என்று மாமா அக்காளிடம் புலம்பினார்.

டாக்டர் வந்தார். தொழுகை முடிந்து வந்த ஆண்கள் சந்து முழுக்க நின்றார்கள். பெண்கள் வாசல்களில் நின்றார்கள். எங்கள் வாசலில் பெஞ்சு போட்டிருந்தது. உம்மா திரைக்குள்ளிருந்து ஒரே ஒரு கப்பும் சாஸரும் நீட்டினாள். வாப்பா கப்பில் ஒரு மடக்குக் குடித்தார். பிறகு அந்தத் திட்டு விழுந்த கையாலேயே மீதியில் கொஞ்சம் சாஸரில் ஊற்றி நீட்டினார். டாக்டர் இரு கையாலும் வாங்கினார். சந்தில் அவர் குடித்த சத்தம் மட்டும் கேட்டது.

குடித்து முடித்து எழுந்துவிடுவார் என்று நினைத்தோம். எழவில்லை. சாஸரை மறுபடி நீட்டினார்.

"அவுர் தோடா."

இன்னும் கொஞ்சம். வாப்பா ஊற்றினார். மேஸ்திரி தரையைப் பார்த்தபடி, "நாளைக்கே வேலைக்கு வந்துரும்வே" என்றார். வாப்பா தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். திரைக்குப் பின்னால் உம்மா மூக்கைச் சிந்துவது கேட்டது. அடுப்புப் புகை என்று எண்ணிக்கொண்டேன்.

பம்பாயிலேயே சிறந்த டீ எங்கள் உம்மா போடுவதுதான் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லாரும் போனபின் கப்பின் அடியில் கிடந்ததை ஓடிப்போய் எடுத்துக் குடித்தேன். ஒரே கசப்பு. பதற்றத்தில் உம்மா சீனி போட மறந்திருந்தாள்.

சீனியே இல்லாத டீயை ஒரு டாக்டர் எதற்காக இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தார் என்பது மட்டும் அன்றைக்கு எனக்குப் புரியவேயில்லை.