விமானத்துக்கு ஒரு ரம்ப எஞ்சின்

போன வாரம் எங்கள் மலையிலேயே குண்டூர் நாட்டுப் பக்கமிருந்து ஒருவர் மரம் அறுக்கும் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து என் பட்டறைப் பலகைமேல் வைத்தார். பாட்டரியில் ஓடுவது. "ஏனுங்க, நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு, பாருங்க" என்றார். நான் பழக்கதோஷத்தில் மூடியைக் கழற்றி மூக்கை அருகே கொண்டுபோனேன். பாதிக் கோளாறை வாசத்திலேயே கண்டுபிடித்துப் பழகியவன் நான். இதில் புதுச் செருப்புப் பெட்டியைத் திறந்தது போல லேசான பிளாஸ்டிக் வாசம் மட்டும் வந்தது. கம்பெனிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் போன பிறகு கையை முகர்ந்து பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அதற்குமேல் அன்றைக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

பெட்ரோலில் ஆயில் கலந்த வாசம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருபது வருடத்துக்கும் மேலாக என் சட்டை அந்த வாசம்தான். வீட்டில் என் துணிக்கு மட்டும் தனிக் கொடி. செம்மேட்டில் பஸ் ஏறினால் பக்கத்து சீட்டு காலியாகவே வரும். கூச்ச சுபாவக்காரனுக்கு அது வசதிதான், யாரிடமும் பேச வேண்டியதில்லை. அந்த வாசத்தை ஆசையாக மோந்து பார்த்தவர் என் வாழ்க்கையில் ஒரே ஒருவர். அவர் ஜமால் பாய்.

ஜமால் பாய் சேந்தமங்கலத்தில் மிளகு வியாபாரம் செய்த குடும்பம். அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் கடையில் உட்காருவார், தம்பி டெம்போவில் மலைக்கு வந்து மிளகு வாங்குவார். இரண்டாயிரம் பிறப்பதற்கு முந்தின வருடம் ஒரு நாள் என் பட்டறைக்கு வந்து, மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு படத்தை விரித்தார். பழைய சண்டை விமானம்.

"இதுக்கு ஒரு எஞ்சின் வேணும் கண்ணு."

"நெசமான விமானத்துக்குங்களா?"

"நெசமாத்தான் பறக்கும். ஆனா எட்டடி. நாம கீழ நின்னுக்கிட்டு ரேடியோவுல ஓட்டணும்."

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். கையிலிருந்த ஸ்பார்க் பிளக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். எனக்கு என்ன சொல்வதென்று தெரியாதபோது எப்போதும் ஒரு பிளக்கைத் துடைத்துக்கொண்டிருப்பேன். என் பட்டறையில் அழுக்கான பிளக்கே இருந்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய குடோனின் பின்னறைக்குப் போனேன். மிளகு நெடியில் கண்ணெல்லாம் எரிந்தது. அங்கே பொய்யில்லாமல் ஒரு விமானம் பாதி உடம்போடு கிடந்தது. தக்கை போன்ற மரமும் பிளைவுட்டும் சேர்த்து, மீன் முள் மாதிரி விலா விலாவாக ஒட்டியிருந்தார். பக்கத்தில் மூன்று எஞ்சின்கள். ஒன்று தோட்டத்துக்கு மருந்தடிக்கும் மெஷினுடையது. ஒன்று வெள்ளோக்கு மரம் அறுத்துக்கொண்டிருந்த ரம்ப மெஷினுடையது, நான்தான் கொண்டுபோயிருந்தேன். மூன்றாவது உள்ளங்கை அளவு, அவருடைய மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்தது, மினுமினுவென்று இருந்தது. அது பெட்ரோல் குடிக்காது. ஸ்பிரிட்டும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்ற வேண்டும்.

வாசலில் வந்து நின்ற அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "நம்ம குடும்பத்துல சாராயம் குடிக்கிறது இது ஒண்ணுதான்" என்றார். சிரிக்காமல் சொன்னார். ஜமால் பாய் சிரித்தார். நான் பிளக் தேடினேன்.

அந்த ஸ்பிரிட்டைக் கேட்டு நாமக்கல்லில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கியிருக்கிறார் பாய். கேட்ட இடத்திலெல்லாம் ஆளை மேலும் கீழும் பார்த்திருக்கிறார்கள். எட்டடி விமானத்துக்கு அந்தக் குட்டி எஞ்சினின் பலம் போதாது என்பது வேறு. துபாய் எஞ்சின் அலமாரிக்குப் போனது. மிச்சம் இரண்டு. மிளகு நிறுக்கும் தராசில் இரண்டையும் வைத்துப் பார்த்தார். மருந்து மெஷின் எஞ்சின் இலேசு. ரம்ப எஞ்சின் ஏறத்தாழ முக்கால் கிலோ கூட. விமானம் என்றால் இலேசாகத்தானே இருக்க வேண்டும்? பாய் மருந்து மெஷினைக் கையில் எடுத்துவிட்டார். அதை மூக்கில் கட்டி, இறக்கைக்கு அடியில் இரண்டு பக்கமும் ஒரு விரல் கொடுத்துத் தூக்கினோம். வால் பொத்தென்று கீழே போனது.

"மூக்கு குட்டை இதுக்கு. முன்னால ஈயம் வெக்கணும், முக்கா கிலோ புடிக்கும்" என்றார்.

என் வாயில் வார்த்தை எப்படி வந்ததென்று இன்றும் தெரியவில்லை. "சும்மா ஈயத்தை எதுக்குங்க தூக்கிட்டுப் பறக்கணும்? அந்தக் கனத்துக்குப் பெரிய எஞ்சினையே வெச்சுட்டாப் போகுதுங்க" என்றேன்.

பாய் விமானத்தை மெதுவாகக் கீழே வைத்தார். "அண்ணே, அஞ்சாவது படிச்சவன் சொல்றதைக் கேட்டீங்களா" என்று வாசலைப் பார்த்துச் சொன்னார். அந்த வருடம் முழுக்க எனக்குக் கிடைத்த மரியாதை அதுதான்.

ஆனால் ரம்ப எஞ்சினின் சிலிண்டர் படத்திலிருந்த விமானத்தின் கூர்மூக்குக்குள் அடங்கவில்லை. பக்கவாட்டில் கட்டி மாதிரி துருத்திக்கொண்டு நின்றது. சின்ன வயதிலிருந்து வைத்திருந்த அந்தப் படத்தைப் பாய் ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மடித்து உள்ளே வைத்துவிட்டு, மூக்கு பானைபோல உருண்டையாக உள்ள வேறொரு சண்டை விமானத்தின் படத்தைச் சுவரில் ஒட்டினார். முன்பாதியைப் பிரித்து மறுபடி கட்டினார். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவார்கள். நாங்கள் மாப்பிள்ளைக்குத் தகுந்தாற்போலப் பெண்ணை மாற்றிக் கட்டினோம்.

அண்ணனுக்குப் பொறுமை தீர்ந்தது அப்போதுதான். கெட்ட மனிதர் இல்லை, களைத்த மனிதர். "ஜமாலு, ஒத்த ஆளா என்னால கடையப் பாக்க முடியல. நம்ம சனம் பாக்க, கீழ ஒரு தரம் பறந்து முழுசா எறங்கட்டும். இந்த அறை உனக்கு, நீ இதையே தொழிலாப் பண்ணு. இல்லேன்னா இங்க மூட்டை அடுக்கிருவேன், நீயும் காலைல எட்டு மணிக்குக் கடைக்கு வந்துரணும்" என்றார். பாய் சரி என்று தலையாட்டினார். அவர் அதற்குமுன் அவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை.

சனம் பார்ப்பதற்கு முன்னால் ஒரு தரம் ஒத்திகை பார்க்க வேண்டும், ஊர்க் கண்ணில் படக்கூடாது. அதனால் இறக்கையைத் தனியாகக் கழற்றி, மிளகு டெம்போவில் வைத்து, அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து கொண்டையூசி வளைவு அத்தனையும் ஏற்றி மேலே ஒரு திடலுக்குக் கொண்டுவந்தார்.

இங்கே எங்கள் பட்டறைப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மலைமேல் காற்று லேசு, அடிவாரத்தில் கனம். மேலே சீராக ஓடும் மெஷின் கீழே போனால் அந்தக் கனத்த காற்றுக்குப் பெட்ரோல் பத்தாமல் சூடேறி, பிஸ்டன் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். கார்புரேட்டரில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. கீழே போகும்போது அதைக் கால் சுற்றுத் திறந்துவிட வேண்டும். அதனால் திருகின் பக்கத்தில் ஆணியால் இரண்டு கோடு கீறிவைப்போம், மேல்கோடு, கீழ்கோடு. மெஷினை யாருக்குக் கொடுத்தாலும் "மேல வேலையா, கீழ வேலையா?" என்று கேட்காமல் கொடுக்கமாட்டோம். பாயின் எஞ்சினிலும் இரண்டு கோடு கீறியிருந்தேன். திருகை எட்ட மூக்கில் விரல் அளவு ஒரு ஓட்டையும் போட்டுவைத்திருந்தோம்.

மேலே அது பறந்தது. நன்றாகவே பறந்தது. மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து நின்றுவிட்டார்கள். மூன்று சுற்று வந்து, திடல் பத்தாமல் பக்கத்துச் சாமைக்காட்டில் போய் இறங்கியது. காட்டுக்காரர் அரிவாளோடு வந்தார். விமானத்தைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்தார்.

"இது மருந்தும் அடிக்குமுங்களா?" என்று கேட்டார்.

பாய் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சாயங்காலமே விமானத்தை டெம்போவில் ஏற்றிக்கொண்டு இறங்கிவிட்டார். நான் கையாட்டினேன். மேல வேலையா கீழ வேலையா என்று கேட்கவில்லை. மரம் அறுக்கும் மெஷின் என்றால் தூக்கத்திலும் கேட்டிருப்பேன். விமானம் என்றதும் அது நம் கணக்கில் வராத ஏதோ ஒன்று என்று என் புத்தி நினைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காரவள்ளிக்குப் பக்கத்தில் ஒரு தரிசில் கூட்டம். பாயின் சொந்தக்காரர்கள், கடைத்தெருக்காரர்கள். சேலத்திலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியர் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தார், இந்த மாதிரி விமானங்களைப் பற்றி நிறையப் படித்தவராம். நான் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போதே எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது. மெலிந்து, கூராக, விசில் போல. நடையை எட்டிப் போட்டேன். அது பட்டினி கிடக்கும் எஞ்சினின் சத்தம். திருகு மேல்கோட்டிலேயே நிற்கிறது.

பாயின் பக்கத்தில் போய் நின்றேன். சின்ன ஸ்க்ரூடிரைவர் சட்டைப் பையில் இருந்தது. "பாய், திருகு..." என்றேன்.

தொப்பிக்காரர் திரும்பினார். "எஞ்சின்ல யாரும் கை வைக்காதீங்க. சத்தத்தைக் கேளுங்க, எவ்வளவு ஷார்ப்பா இருக்கு. ஓடுறதைத் தொடவே கூடாது" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. பாயும் பார்த்தார். "என்ன கண்ணு?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

முதல் சுற்றில் எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாவது சுற்றில் அண்ணனே தட்டினார். மூன்றாவதில் சத்தம் இன்னும் மெலிந்தது, பிறகு இல்லை. வானத்தில் அவ்வளவு பெரிய பொருள் சத்தமில்லாமல் வருவதைப் பார்ப்பது கொடுமை. பாய் அதைத் தரிசுக்குத் திருப்பப் பார்த்தார். எட்டவில்லை. பனைமரத்தில் ஒரு இறக்கை, பாறையில் மீதி.

எஞ்சினை நான்தான் பொறுக்கினேன். கை வைக்க முடியாத சூடு. பிஸ்டன் பிடித்திருந்தது. பாய் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "என்ன ஆச்சு சாமி?" என்று மெதுவாகக் கேட்டார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "பெட்ரோல்ல கசடு இருந்திருக்குமுங்க" என்றேன்.

பெட்ரோல் ஊற்றியது அவர். அதை நான் யோசிக்கவில்லை. யோசிக்கவில்லை என்றுதான் இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

பின்னறையில் மூட்டை ஏறியது. பாய் எட்டு மணிக்குக் கடைக்குப் போனார். நான் கீழே போகும்போதெல்லாம் டீ வாங்கிக்கொடுப்பார். "அன்னிக்கு ஒரு துணியில வடிகட்டி ஊத்தியிருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல், "சரி விடு, உன் எஞ்சின் நல்ல எஞ்சின் கண்ணு" என்பார். ஏழெட்டு வருடம் இதைக் கேட்டேன். ஒவ்வொரு தரமும் டீயை ஊதிக்கொண்டிருந்தேன்.

அந்த எஞ்சினுக்குப் புது பிஸ்டன் போட்டு ரம்பத்திலேயே மறுபடி பூட்டினேன். ரொம்ப நாள் வெள்ளோக்கு அறுத்தது. பிறகு இரும்புக் கடைக்குப் போனது. ஜமால் பாயும் போய்ச் சேர்ந்துவிட்டார். மிளகுக் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. தரிசில் கல் நட்டு மனை பிரித்துவிட்டார்கள்.

போன வாரம் பாட்டரி மெஷினைக் கொண்டுவந்தவரிடமும் வாய் தன்னால் கேட்டது: "மேல வேலையாங்க, கீழ வேலையாங்க?"

அவருக்குப் புரியவில்லை. "எங்க வேலை செஞ்சா என்னுங்க?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். அந்த மெஷினில் திருகு இல்லை. நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எங்கேயும் இல்லை.