வணக்கத்துக்கு முன்னால் சொல்ல வேண்டிய செய்தி

ஜெரினா பேகம் இறந்த செய்தி எனக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் தெரிந்தது. அரியர் தேர்வுத் தாள் திருத்தும் முகாமில் காலையிலேயே கைப்பேசியை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். சாப்பிட வெளியே வந்து அதைத் திரும்ப வாங்கியபோது, அவருடைய தம்பி அன்வர் பலமுறை கூப்பிட்டிருப்பது தெரிந்தது. திருப்பி அழைத்தேன். "ராத்தா காலைல மௌத்தாயிட்டாங்க சார். நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட தாங்கல. சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். வந்துடுங்க" என்றார். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்துவிட்டு, முகாம் அலுவலரிடம் சொல்லிக்கொண்டு அவர் ஊரான திருவாரூருக்குப் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் எங்கள் கல்லூரி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவைப் பார்த்தேன். நிர்வாகம் அவருடைய படத்தைப் போட்டு, 'எங்கள் நிறுவனத்தின் பெருமை, ஈடுசெய்ய இயலாத பேரிழப்பு' என்று எழுதியிருந்தது. அதன் கீழே கும்பிட்ட கைகளும் அழுத முகங்களும் வரிசையாக நின்றன. போன வருடம் இதே குழுவிலிருந்து இதே நிர்வாகம்தான் அவரை நீக்கியது. அன்றைக்கு, இப்போது அழுகிற இந்த முகங்களில் ஒன்றுகூட ஏன் என்று கேட்கவில்லை. பேரிழப்பாம். இழக்கவில்லை ஐயா, நீங்களாகத்தான் தூக்கிப் போட்டீர்கள்.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தூக்கிப் போட்டவர்களும் படித்தால் நல்லது.

தஞ்சாவூருக்கு வெளியே இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் நானும் அவரும் ஒரே துறையில் வேலை பார்த்தோம். படிப்பின் பெயர் 'உளவு, பாதுகாப்பு, மீள்திறன்'. வரப்போகும் ஆபத்தை முன்கூட்டியே அறிவது, அதிலிருந்து மக்களைக் காப்பது, அடிபட்ட ஊர் மறுபடி எழுந்து நிற்பது ஆகியவற்றைப் பற்றிய முதுகலைப் படிப்பு. அலைந்து திரிந்து அனுமதி வாங்கி அதை இங்கே கொண்டுவந்தவர் ஜெரினா. நான் வரலாற்றுத் துறையை விட்டு அவரோடு போய்ச் சேர்ந்துகொண்டவன். ஆசிரியர் அறையில் அதற்கு 'வாட்ச்மேன் படிப்பு' என்று பெயர் வைத்திருந்தார்கள். "மேடம், உங்க பசங்களுக்கு விசில் எப்ப குடுப்பீங்க?" என்று வணிகவியல் ஆசிரியர் ஒருவர் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். "விசில் எல்லாருகிட்டயும் இருக்கு சார். எப்ப ஊதணும்னுதான் நாங்க சொல்லிக் குடுக்கறோம்" என்று ஒரு நாள் ஜெரினா சொன்னார். அதற்குப் பிறகு அந்த மனிதர் கேட்கவில்லை.

கிண்டலையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒரு முஸ்லிம் பெண் உளவைப் பற்றி ஏன் பாடம் நடத்துகிறார் என்று விசாரிக்க போலீஸ்காரர் ஒருவர் சாதாரண உடையில் வந்து, அலுவலகத்தில் டீ குடித்துவிட்டு, அவர் யார் யாரோடு பேசுகிறார் என்று என்னிடமே கேட்டுவிட்டுப் போனார். அதே மாதம் அவருடைய தெருவில் சிலர், போலீஸுக்குத் தகவல் கொடுக்கிறவள் என்று பேசுவதாக அன்வர் வந்து அழாத குறையாகச் சொன்னார். நான் பெரிய அறிவாளி போல, "ரெண்டு பக்கமும் சந்தேகப்பட்டா நாம நடுநிலையா இருக்கோம்னு அர்த்தம் மேடம்" என்றேன். "இல்ல சார். ரெண்டு பக்கமும் எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேக்கலைன்னு அர்த்தம்" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை தன் தெருப் பெண்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, தான் என்ன பாடம் நடத்துகிறேன் என்று உட்கார வைத்துச் சொன்னார். அலுவலகத்துக்கு வந்த ஆளுக்கும் பாடத்திட்டத்தை அனுப்பி வைத்தார். அவர் திரும்பி வரவே இல்லை.

வகுப்பில் அவர் எப்படி இருப்பார் என்று அவருடைய மாணவர்களுக்குத் தெரியும். அணை திறந்த ஒரு வாரத்தில் ஒரு பையன் எழுந்து, கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்றான். "யாரு பாத்தது?" என்று கேட்டார். "வாட்ஸ்அப்ல வீடியோ வந்துச்சு மேம்." "எந்த வருஷத்து வீடியோ?" பையன் கைப்பேசியில் தேடத் தொடங்கினான். "பாத்ததைத் தனியா சொல்லு. கேட்டதைத் தனியா சொல்லு. நெனைக்கிறதைத் தனியா சொல்லு. மூணையும் கொழைச்சு எனக்கு ஊட்டாத" என்றார். டெல்டாவில் பிறந்து, ஆற்றில் தண்ணீர் வருகிறதா இல்லையா என்பதிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்த எனக்கும் அது உறைத்தது.

அவர் வைத்திருந்த இன்னொரு விதியால்தான் எல்லாமே நடந்தது. முடிவெடுக்க வேண்டியவர் முன்னால் நின்று ஆபத்தைப் பற்றிச் சொல்லும்போது, முதல் வாக்கியத்திலேயே கெட்ட செய்தி வந்துவிட வேண்டும். நம் ஊர் மேடை வழக்கம் உங்களுக்குத் தெரியும். தாளாளர் அவர்களே, முதல்வர் அவர்களே, சிறப்பு விருந்தினர் அவர்களே என்று தொடங்கி, கடைசியில் ஒலிபெருக்கி வைத்தவர் வரைக்கும் அவர்களே போட்டு முடித்த பிறகுதான் பேச்சு ஆரம்பிக்கும். "அத்தனை பேருக்கும் வணக்கம் வெச்சு முடிக்கறதுக்குள்ள வெள்ளம் வீட்டுக்குள்ள வந்துடும். செய்தியைச் சொல்லிட்டு அப்புறம் கும்பிடுங்க" என்பார். மாணவர்கள் சிரிப்பார்கள். ஆனால் பயிற்சியில் யாராவது வணக்கத்தில் தொடங்கினால் உட்காரச் சொல்லிவிடுவார்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் புரட்டாசியில் மாணவர்களை வேதாரண்யம் போகும் வழியில் கடலை ஒட்டிய ஒரு கடைமடைக் கிராமத்துக்குக் கூட்டிப் போனோம். புயல் எச்சரிக்கை அங்கே யாருக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்ப்பதுதான் வேலை. புயல் வந்தால் ஊர்ச் சனங்கள் ஒதுங்குவதற்காகக் கட்டிய பெரிய கான்கிரீட் கட்டடம் ஒன்று அங்கே இருக்கிறது. ஊரில் அதைப் புயல் கட்டடம் என்பார்கள். கதவைத் திறந்தால் உள்ளே தரையிலிருந்து கூரை வரைக்கும் நெல் மூட்டை. சுற்று வட்டாரக் குறுவை நெல் முழுவதும், மழையில் நனையக் கூடாது என்று அங்கே அடுக்கப்பட்டிருந்தது. ஒரு பூனை நுழையக்கூட இடம் இல்லை.

பக்கத்தில் நின்ற விவசாயி ஒருவர், "மனுஷன் நனைஞ்சா துவட்டிக்கலாம் மேடம். நெல்லு நனைஞ்சா மொளச்சிடும்ல" என்றார். மாணவர்கள் சிரித்தார்கள். ஜெரினா சிரிக்கவில்லை.

"புயல் வந்தா எங்கங்க போவீங்க?"

"இங்கதான் வரணும்."

"இங்க எடம் இல்லீங்களே."

"அப்ப மூட்டைய எடுத்துடுவாங்க."

"யாருங்க எடுப்பாங்க?"

அவர் எங்களையும் கட்டடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "யாராச்சும் எடுப்பாங்க மேடம்" என்றார். அந்த யாராச்சும் யார் என்று அன்று சாயங்காலம் வரை ஊரெல்லாம் கேட்டோம். பக்கத்து அலுவலகங்களிலும் கேட்டோம். ஒருவர் இன்னொருவரைக் கை காட்டினார், அவர் முதலாமவரையே திருப்பிக் காட்டினார்.

திரும்பி வரும்போது வேனில் நான் அந்த விவசாயியைத் திட்டிக்கொண்டே வந்தேன். சொந்த உயிரைவிட நெல் பெரிதா என்றேன். ஜெரினாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வெளைஞ்ச நெல்லை ரோட்டுல நனைய விடச் சொல்றீங்களா? நீங்க நன்னிலத்துக்காரர்தானே, உங்க வீட்டு நெல்லுன்னா விடுவீங்களா? நெல்லுக்குன்னு ஒரு கூரை போட்டுத் தராதவங்க, மனுஷங்களுக்குக் கட்டின கூரையைக் காட்டிட்டு ஒதுங்கிட்டாங்க. கோபப்படுங்க சார், வேணாங்கல. ஆனா சரியான வாசல்ல போய்க் கோபப்படுங்க" என்றார்.

அவர் எல்லா வாசலுக்கும் போனார். எங்கும் பதில் இல்லை. அந்த நேரத்தில் எங்கள் துறை விழாவுக்கு ஒரு பெரிய அதிகாரி சிறப்பு விருந்தினராக வர ஒப்புக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் மூட்டைகள் நகரும் என்பது எல்லோருக்கும் தெரியும். நேரில் அவரிடமே சொல்லிவிடுவோம் என்று முடிவானது. பேசப் போனவள் சிவரஞ்சனி என்ற மாணவி. அவளும் விவசாய வீட்டுப் பெண்தான்.

அவள் ஒலிபெருக்கி முன் வந்து நின்றாள். "இன்றைக்குப் புயல் வந்தால் வேதாரண்யம் வழியில் ஒரு கடைமடைக் கிராமத்து மக்களுக்கு ஒதுங்க இடம் இல்லை. அவர்களுக்காகக் கட்டிய கட்டடம் முழுக்க நெல் மூட்டைகள் இருக்கின்றன. இதை நாங்கள் நேரில் பார்த்தோம். மூட்டைகளை எடுக்கும் பொறுப்பு யாருடையது என்று எங்களுக்குத் தெரியவில்லை. இப்படியே விட்டால் மழைக்கு முன்னால் யாரும் எடுக்க மாட்டார்கள் என்று நினைக்கிறோம். நீங்கள் சொன்னால் எடுப்பார்கள்" என்று சொல்லிவிட்டுக் கும்பிட்டாள். நறுக்கென்று இருந்தது. என்னுடைய இத்தனை வருட ஆசிரியர் வாழ்க்கையில் அதைவிட நல்ல பேச்சு ஒன்றை நான் கேட்டதில்லை.

அரங்கத்தில் சலசலப்பு. அந்த அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்து, "எந்த ஊரும்மா?" என்று கேட்டார். நான் என் காதால் கேட்டேன். சிவரஞ்சனி வாயைத் திறப்பதற்குள் துணை முதல்வர் ஓடிவந்து ஒலிபெருக்கியைப் பிடுங்கி, "மாணவி பதற்றத்தில் மேடைக்கு வணக்கம் சொல்ல மறந்துவிட்டார், பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்" என்றார். உடனே பொன்னாடை வந்தது. நினைவுப் பரிசு வந்தது. புகைப்படக்காரர் வந்தார். அதிகாரிக்கு அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டது. கேட்ட கேள்விக்குப் பதில் போகாமலே கார் போய்விட்டது.

பிறகு விசாரணை வைத்தார்கள். நெல்லைப் பற்றி என்று நினைத்துவிடாதீர்கள். தாளாளர் பெயரை ஏன் சொல்லவில்லை, சிறப்பு விருந்தினரை ஏன் முறையாக விளிக்கவில்லை, இப்படிப் பேசச் சொல்லிக் கொடுத்தது யார் என்றுதான் கேட்டார்கள். படித்த மனிதர்கள் ஐந்தாறு பேர், கோட்டுப் போட்டுக்கொண்டு, ஏசி அறையில் உட்கார்ந்து, ஒரு ஊரே புயலில் நிற்கப்போகிறது என்று சொன்ன பெண்ணிடம் வணக்கம் எங்கே என்று கேட்டார்கள். "நெல்லைப் பத்தி ஒரு கேள்வி கேளுங்க சார், பதில் சொல்றேன்" என்றார் ஜெரினா. ஒருவரும் கேட்கவில்லை. சிவரஞ்சனி எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். "வணக்கம் விட்டதுக்கு வேணும்னா நான் மன்னிப்புக் கேக்கறேன். செய்திக்கு யாரும் கேக்க மாட்டோம்" என்றார். நானும் அந்த அறையில்தான் இருந்தேன். தாளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் புயல் வேறு பக்கம் போய்விட்டது. "பாத்தீங்களா, ஒண்ணும் ஆகலையே" என்று அதையும் நாக்கில் நரம்பில்லாமல் சொன்னார்கள். போன வருடம் சேர்க்கை விளம்பரத்தில் எங்கள் படிப்பின் பெயரே இல்லை. சேர வந்த பிள்ளைகளிடம் அப்படி ஒரு படிப்பு கிடையாது என்று சொல்லிவிட்டு, பிறகு ஆள் சேரவில்லை என்று காரணம் காட்டி மூடினார்கள். நான் வரலாற்றுக்குத் திரும்பினேன். அவருக்குத் திரும்பத் துறை எதுவும் இல்லை, வீட்டுக்குப் போனார்.

போன மனுஷி சும்மா இருக்கவில்லை. வாரம் தவறாமல் அந்த வட்டாரத்து அலுவலகம் ஒன்றுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, மூட்டைகளை எடுத்தாயிற்றா என்று கேட்பார். போனை யார் எடுத்தாலும் அதே அமைதியான குரலில் கேட்பார். "திட்டினா போனை வெச்சுடுவாங்க சார். மரியாதையாக் கேட்டா வைக்க முடியாது, நெளிவாங்க. நெளியட்டும்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

அடக்கத்துக்கு நிர்வாகத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. மையவாடியில் அன்வர் பக்கத்தில் நின்று எல்லோரையும் போல நானும் மண் போட்டேன். அப்போது எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

அடுத்த வாரம் கல்லூரியில் இரங்கல் கூட்டம். மேடையில் இருந்தவர்களின் பெயர்களைச் சொல்லி முடிக்கவே வெகு நேரம் ஆனது. இறந்தவருடைய பெயர் அதற்குப் பிறகுதான் வந்தது. அமைதியானவர், யார் மனதையும் நோகடிக்காதவர் என்று துணை முதல்வர் குரல் தழுதழுக்கப் பேசினார். கருத்தரங்கக் கூடத்துக்கு அவர் பெயர் வைப்பதாகத் தாளாளர் அறிவித்தார், கை தட்டினார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சிவரஞ்சனியை யாரும் பேசக் கூப்பிடவில்லை. என்னையும் கூப்பிடவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இதற்கும் விசாரணை வைப்பார்கள், வைக்கட்டும்.

அவருடைய புத்தகங்களை அன்வர் எனக்குக் கொடுப்பதாகச் சொன்னார். சிவரஞ்சனிக்குக் கொடுங்கள் என்றேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த வாராந்தரத் தொலைபேசி அழைப்பைத்தான். நேற்று முன்தினம் அந்தக் கிராமத்துக்குப் போய்ப் பார்த்தேன். இந்த வருடக் குறுவை நெல், அதே கட்டடம், அதே கூரை வரைக்கும். வானம் மூட்டம் போட்டிருந்தது. நேற்றுக் காலை அந்த அலுவலகத்தைக் கூப்பிட்டேன். வணக்கம் சொல்லவில்லை. கட்டடத்தில் இன்னும் மூட்டை இருக்கிறது, மழைக்காலம் வந்துவிட்டது, மக்களுக்கு இடம் இல்லை என்றேன்.

எதிர்முனையில் இருந்தவர், "அந்த மேடம் விஷயமா சார்? அவங்கதான் இறந்துட்டாங்களாமே, பேப்பர்ல பாத்தோம். அப்புறம் என்ன சார்?" என்றார்.

கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் போனை வைத்துவிடுவார்.

"ஆமாங்க, அவங்க போயிட்டாங்க. மூட்டை போகல. எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டேன். அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.