வினோஜா அறிமுகம் செய்த டோகோ

வினோஜாவின் களைப்பு ஓர் இரவு படுத்தெழும்பினால் போகிற களைப்பு அல்ல. கனடாவில் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் கார்டரி எனும் பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் வருடக்கணக்காக ஊரார் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, சப்பாத்து மாட்டி, நித்திரையாக்கி, இடுப்பு விட்டுப்போயிருந்தது. அதற்குமேல் ஒரு பொய்யையும் சுமந்தாள். கனடா வரும் வழியில், களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் அவளை மேற்கு ஆபிரிக்காவில் டோகோ என்ற சின்ன நாட்டில் இறக்கிவிட்டுத் தலைமறைவாகிவிட்டான். தலைநகர் லோமேயில் எட்டு மாதம் கிடந்தாள். கணவன் சாரங்கனுக்கு அது தெரியாது. தனியாக ஏஜென்சியில் வந்த பெட்டை என்றால் எங்கள் சனத்தின் வாய் சும்மா கிடக்குமா? லண்டனால் வந்தவள் என்று சொல்லித்தான் அவளுடைய தாய் கலியாணம் பேசினாள். பிடிபட்டால் குடும்பம் என்னாகுமோ என்று அவளுக்கு இன்னும் நெஞ்சு பதறும்.

கார்டரியில் 'நாடுகள் தினம்' என்ற விழா வந்தது. அவளுடைய வகுப்பில் டோகோக்காரப் பிள்ளை ஒன்று இருந்ததால், அந்த நாட்டை அறிமுகம் செய்யும் வேலை அவள் தலையில் விழுந்தது. சாமான்களைத் தூக்கிக்கொண்டு சாரங்கனும் வந்தான்.

"நீர் கதையும், நான் பின்னால நிக்கிறன்."

நின்றும்விட்டான், பாவி மனுசன்!

பிரெஞ்சில் பாடப்புத்தகம் போலத்தான் தொடங்கினாள். கானாவுக்கும் பெனினுக்கும் நடுவே நெருக்கிப் பிடித்த ஒடுங்கின நாடு. தெற்கே கடல், வடக்கே புர்கினா ஃபாசோ. அலுவலகத்தில் பிரெஞ்சு, லோமே வீடுகளில் எவே மொழி. சோளமாக் களி, மீன் குழம்பு. அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் கேட்டால்தானே! வீட்டுக்கு ஆள் வந்தால் முதலில் தண்ணீர் கொடுப்பார்கள், குடித்த பிறகுதான் வந்த விஷயம் கேட்பார்கள் என்று சொல்லி, பெற்றோருக்கெல்லாம் கோப்பையில் தண்ணீர் நீட்டினாள்.

டோகோப் பிள்ளையின் தாய் அஃபி வியந்துபோனாள். "எங்கள் வீடுகளில் இருந்திருக்கிறீர்களா?"

"இல்லையில்லை, இன்டர்நெட்டில் பார்த்தேன்," என்றாள் வினோஜா. கடைசிக் கோப்பையைச் சாரங்கனிடம் கொடுத்தாள்.

அவன் கோப்பையைச் சரித்து, இரண்டு சொட்டை நிலத்தில் விட்டான். பிறகு குடித்தான். செத்தவர்களுக்கு முதலில் என்று லோமேயில் அப்படித்தான் விடுவார்கள். அந்த வழக்கத்தை அவள் யாருக்கும், அவனுக்கும்கூட, சொன்னதில்லை.

அஃபி கைதட்டிச் சிரித்தாள். சாரங்கன் நிலத்தைப் பார்த்தபடி நின்றான்.

காருக்குள் ஏறியதும் கேட்டாள். "லோமேயில எவ்வளவு காலம்?"

"ஒண்டரை வருசம். படிக்க வந்தவன் எண்டுதான் அம்மா உங்கட வீட்டில சொன்னவ. நீர்?"

"எட்டு மாசம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு கூரைக்குக் கீழ ஆளுக்காள் பயந்து ஒளிச்சுக்கொண்டு… என்ன சீவியமப்பா இது!"

அவன் காரை எடுக்கவில்லை. "அங்க பசி கிடந்தனீரோ?" என்று கேட்டான்.

"ஓம்," என்றவள் வாய்விட்டு அழத் தொடங்கினாள்.